மூன்று நாள் உழைத்த யந்திரம்

காலையில் எழுந்ததும் மனிதன் செய்கிற முதற் காரியத்திற்குக்கூட மின்சாரத்தின் துணை வேண்டுமா என்று கேட்கிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு வரையில் நாமும் அந்தக் கட்சியில்தான் இருந்தோம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் விளைகிற நாட்டில் பல் தேய்ப்பதற்கு ஒரு மோட்டாரா என்று பரிகாசம் செய்ததும் உண்டு. நம்மைக் கட்சி மாறச் செய்தவர் நம் வீட்டு அத்தை.

அத்தைக்கு வயது 76. கீல்வாதத்தினால் வலது கை விரல்களின் கணுக்கள் வீங்கி விறைத்துப் போயிருக்கின்றன. சாதாரணப் பிரஷ்ஷின் மெல்லிய காம்பை இறுகப் பற்றினால் வலி பொறுக்க முடிவதில்லை. தளர்த்திப் பிடித்தாலோ அது கையிலிருந்து நழுவி விடுகிறது. ஈறுகளில் வீக்கம் கண்டு ரத்தம் கசியத் தொடங்கியது. "நான் தேய்த்து விடட்டுமா, அத்தை?" என்று கேட்டதற்கு, "பிறத்தியார் பல் தேய்த்து விடுகிற வயசு எனக்கு எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது" என்று பதில் வந்தது. பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மருந்து எழுதிக் கொடுத்ததோடு, மின்சாரப் பல்துலக்கி ஒன்று வாங்கிக் கொடுக்கும்படியும் சொன்னார். வாங்கினோம். முதல் நாள் அதைக் கையில் பிடித்த அத்தை, "வண்டைப் பிடித்த மாதிரி இருக்கிறதே!" என்றார். ஒரு மாதத்தில் ரத்தக் கசிவு நின்றது. அதைவிட முக்கியமானது, தம் காரியத்தைத் தாமே செய்துகொள்கிறோம் என்ற திருப்தி அவருக்குத் திரும்பி வந்தது.

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிற நமக்கு, இந்தச் சிறு குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் உண்டாயிற்று. அறிந்ததை வாசகர்களுடன் பகிர்ந்து கொள்வதோடு, அந்த யந்திரத்தின் பேரில் நமக்குள்ள ஒரு பெரிய குறையையும் இங்கே வெளியிட விரும்புகிறோம்.

பிறந்த கதை

மின்சாரப் பல்துலக்கி சோம்பேறிகளுக்காகப் பிறந்தது என்று எண்ணுவது தவறு. 1954-ஆம் வருஷத்தில் ஸ்விட்ஸர்லாந்தில் பிலிப் கீ வூக் என்ற டாக்டர் 'பிராக்ஸோடென்ட்' என்னும் பல்துலக்கியை அமைத்தார். கை விரல்களைச் சரியாக இயக்க முடியாதவர்களையும், பல் வரிசையைத் திருத்தக் கம்பி கட்டிக்கொண்டவர்களையும் உத்தேசித்தே அது ஏற்பட்டது. ஆகவே, நம் அத்தைக்காகவே அது பிறந்தது என்று சொன்னாலும் தவறில்லை. 1960-இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

அந்தப் பல்துலக்கியை ஒயர் மூலம் சுவரிலுள்ள மின்சாரத்துடன் இணைக்க வேண்டியிருந்தது. ஈரக்கையும் ஈரத்தரையும் உள்ள ஸ்நான அறையில் இது எவ்வளவு அபாயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில வருஷங்களுக்குள் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார், மறுபடியும் மறுபடியும் மின்சாரம் ஏற்றிக்கொள்ளக் கூடிய பாட்டரியைப் பிடிக்குள் வைத்து, ஒயர் இல்லாத பல்துலக்கியை வெளியிட்டார்கள். அபாயம் நீங்கியது. ஆனால் நாம் பின்னால் சொல்லப் போகிற தொல்லையின் விதையும் அன்றைக்குத்தான் விழுந்தது.

இரண்டு ஜாதிகள்

இன்று கடைகளில் காணும் மின்சாரப் பல்துலக்கிகளைப் பெரும்பாலும் இரண்டு ஜாதிகளில் அடக்கி விடலாம்.

முதல் ஜாதியின் தலை சிறு நாணயம் போல வட்டமாக இருக்கும். பிடிக்குள் இருக்கும் மோட்டார் ஒரே திசையில் விடாமல் சுழல்கிறது. தலையும் அப்படியே சுழன்றால் ஈறு கிழிந்து விடும். அது கொஞ்சம் வலப்புறமும் கொஞ்சம் இடப்புறமுமாகத் திரும்பித் திரும்பி வரவேண்டும். இதற்காகப் பற்சக்கரம் ஒன்றில் மையத்தை விட்டு விலகி ஒரு முளை வைத்திருக்கிறார்கள். சக்கரம் சுற்றும்போது அந்த முளை ஒரு நெம்புகோலை இப்படியும் அப்படியும் தள்ளுகிறது. தையல் யந்திரத்தில் நாம் சக்கரத்தைச் சுற்ற, ஊசி மேலும் கீழும் போய் வருகிறதல்லவா? சுழற்சியை அசைவாக மாற்றும் அதே தந்திரந்தான் இங்கும். நிமிஷத்திற்கு ஏறக்குறைய 8,000 தடவை அந்தத் தலை திரும்பித் திரும்பி வருகிறது.

இரண்டாவது ஜாதி இதைவிட நூதனமானது. அதன் தலை சாதாரணப் பிரஷ்ஷைப் போலவே நீண்டிருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆசிரியர்கள் இருவரும் டேவிட் கியுலியானி என்பவரும் சேர்ந்து உழைத்ததன் பலனாக 1992-இல் வெளிவந்த 'ஸோனிகேர்' இந்த ஜாதிக்கு மூத்தது. இதில் சுழலும் மோட்டாரே கிடையாது. பிடிக்குள் ஒரு கம்பிச் சுருளும், அதற்கெதிரே நிரந்தரக் காந்தங்கள் பொருத்திய தண்டும் இருக்கின்றன. சுருளில் பாயும் மின்சாரம் திசை மாறுந்தோறும் காந்தம் ஒரு முறை இழுக்கப்படுகிறது. ஒரு முறை தள்ளப்படுகிறது. தண்டு அதிர்கிறது.

இவ்வளவு சிறிய பாட்டரியைக் கொண்டு இவ்வளவு வேகமாக அதை அதிரச் செய்வது எப்படி? இங்கேதான் பௌதிக சாஸ்திரம் உதவிக்கு வருகிறது. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை ஆட்டும்போது, அது பின்னால் வந்து திரும்புகிற சமயம் பார்த்து இலேசாகத் தள்ளினால் போதும். ஊஞ்சல் உயர உயரப் போகிறது. சமயம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலத்தைச் செலவிட்டும் பயனில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பாக அமைந்த ஓர் அதிர்வு வேகம் உண்டு. அதே வேகத்தில் தூண்டினால் சிறு விசையும் பெரிய அசைவை உண்டாக்கும். இதை ஒத்ததிர்வு என்பார்கள். பல்துலக்கியின் தண்டுக்கு ஒரு வில் அமைத்து, அதன் இயல்பான வேகத்திலேயே மின்சாரத்தைத் திசை மாறச் செய்கிறார்கள்.

இந்த ஜாதிப் பல்துலக்கி நிமிஷத்திற்கு 31,000 தடவை தேய்ப்பதாகச் சொல்லப்படுகிறது. போவது ஒன்று, வருவது ஒன்று என்று இரண்டாக எண்ணிய கணக்கு இது. ஆகவே, விநாடிக்கு ஏறக்குறைய 258 முழு அதிர்வுகள். சங்கீத ஞானமுள்ள வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹார்மோனியத்தின் நடு ஸ்தாயியில் 'ஒரு கட்டை' என்கிற சுருதிக்கு விநாடிக்கு சுமார் 262 அதிர்வுகள். எனவே இந்தப் பல்துலக்கி அநேகமாக ஒரு கட்டை சுருதியில் ரீங்காரம் செய்கிறது! வேண்டுமானால் காலையில் அதனுடன் சேர்ந்து ஸா பிடித்துப் பார்க்கலாம்.

தொடாமலே ஏறும் மின்சாரம்

பல்துலக்கியை அதன் தாங்கியில் நிறுத்தியதும் பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறது. ஆனால் இரண்டிலும் உலோகம் எதுவும் வெளியே தெரிவதில்லை. பிளாஸ்டிக்குடன் பிளாஸ்டிக்தான் தொட்டுக் கொண்டிருக்கிறது. மின்சாரம் எப்படிப் போகிறது?

1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த மின்தூண்டல் என்பதே இதற்கு விடை. தாங்கிக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் வேகமாகத் திசை மாறும் மின்சாரம் பாயும்போது, சுற்றிலுமுள்ள காந்தப் புலமும் ஏறி இறங்குகிறது. பல்துலக்கியின் அடியிலுள்ள மற்றொரு சுருள் அந்தப் புலத்தில் இருப்பதால் அதிலும் மின்சாரம் உண்டாகிறது. தெரு மூலையில் கம்பத்தின் மேல் இருக்கும் டிரான்ஸ்பார்மரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தாங்கியிலும் மறு பாதியைப் பல்துலக்கியிலும் வைத்தது போன்ற ஏற்பாடு இது. மின்சாரம் மெதுவாகத்தான் ஏறும். கொஞ்சம் வெப்பமாக வீணாவதும் உண்டு. ஆனால் தண்ணீருக்குப் பயப்பட வேண்டியதில்லை. உண்மையிலேயே பாராட்டத்தக்க அமைப்பு இது.

இவற்றைத் தவிர இரண்டு சிறு காவல்காரர்களும் நல்ல பல்துலக்கியில் உண்டு. ஒன்று, இரண்டு நிமிஷக் கடிகாரம். வாயை நான்கு பாகமாகக் கொண்டு, 30 விநாடிக்கொரு தரம் அது ஒரு முறை துடித்து, அடுத்த பாகத்துக்குப் போகச் சொல்கிறது. மற்றொன்று, மிதமிஞ்சி அழுத்தினால் சிவப்பு விளக்குக் காட்டி எச்சரிக்கும் உறுப்பு. பலமாகத் தேய்த்தால்தான் பல் சுத்தமாகும் என்ற நினைப்பு நம்மில் அநேகருக்கு உண்டு. அதனால் ஈறு தேய்ந்து பல்லின் வேர் வெளிப்படுவதே கண்ட பலன்.

இதனால் உண்மையில் பிரயோஜனம் உண்டா? காக்ரேன் என்னும் வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 56 பரிசோதனைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2014-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பரிசோதனைகளில் கலந்து கொண்டவர்கள் ஏறக்குறைய 5,000 பேர். பல்லில் படியும் வழவழப்பான அழுக்குப் படலம், கையால் தேய்ப்பவர்களைக் காட்டிலும் மின்சாரத்தால் தேய்ப்பவர்களிடம் முதல் மூன்று மாதங்களில் 11 சதவிகிதமும், அதற்குப் பிறகு 21 சதவிகிதமும் குறைந்தது. ஈறு வீக்கம் முறையே 6, 11 சதவிகிதம் குறைந்தது. பிரமாதமான வித்தியாசம் என்று சொல்வதற்கில்லை; அலட்சியம் செய்யவும் முடியாது. கை நன்றாக இருந்து பொறுமையும் உள்ளவர்களுக்குச் சாதாரணப் பிரஷ்ஷே போதும். கை ஒத்துழைக்காதவர்களுக்கோ இது பெரிய வரப்பிரசாதம்.

யந்திரம் மாண்ட வரலாறு

நிற்க. அத்தையின் பல்துலக்கி மூன்று வருஷம் ஒழுங்காக வேலை செய்தது. ஆரம்பத்தில் ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் இரண்டு வாரத்திற்குக் காணும். பிறகு அது ஒரு வாரமாயிற்று. பிறகு இரண்டு நாளாயிற்று. கடைசியில் தாங்கியிலிருந்து எடுத்து வாயில் வைப்பதற்குள் முனகி நின்றது. வாங்கின கடைக்குக் கொண்டு போனோம். "இதற்கு ரிப்பேர் கிடையாது, ஸார், புதிசுதான் வாங்க வேண்டும்" என்றார்கள்.

அதனுடன் வந்த விளக்கப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பாட்டரியை வெளியே எடுக்கும் வழி படத்துடன் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அப்படிப் பிரித்தால் யந்திரம் பாழாகி விடும் என்றும், குப்பையில் போடுமுன் பாட்டரியைத் தனியே ஒப்படைப்பதற்காகவே இந்த வழி என்றும் அடியில் எழுதியிருந்தது. வைத்தியத்துக்கு வழி சொல்லாமல் சவ அடக்கத்துக்கு மட்டும் வழி சொன்ன புத்தகத்தை அன்றுதான் பார்த்தோம்.

தெரு முனையில் டெலிபோன் ரிப்பேர் செய்யும் இளைஞரிடம் போனோம். அவர் பத்து நிமிஷத்தில் அதைத் திறந்தார். உள்ளே, விரல் பருமனுள்ள ஒரே ஒரு பாட்டரி, சர்க்யூட் பலகையுடன் ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அது ஒன்றுதான் செத்திருந்தது. மற்ற உறுப்புக்கள் யாவும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. புதிய பாட்டரி பொருத்தியவுடன் பல்துலக்கி பழையபடி ரீங்காரம் செய்தது. அத்தைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்தச் சந்தோஷம் இரண்டு மாதந்தான் நீடித்தது. ஒரு முறை பிரிந்த மூடி பழையபடி இறுகவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கிச் சர்க்யூட் பலகையைப் பச்சை பிடிக்கச் செய்து விட்டது. பல்துலக்கி மறுபடியும் மாண்டது, இந்தத் தடவை உண்மையாகவே.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேளைக்கு 2 நிமிஷம். நாளைக்கு இரு வேளையானால் 4 நிமிஷம். வருஷத்திற்கு 1,460 நிமிஷம். அதாவது 24 மணிக்குச் சற்று அதிகம். ஒரு வருஷம் முழுவதும் உபயோகித்தாலும் அந்த யந்திரம் உண்மையில் ஓடியது ஒரே ஒரு நாள்! மூன்று வருஷத்தில் மூன்று நாள். நம் வீட்டுக் கூடத்தில் சுழலும் மின்சார விசிறி ஒரே வாரத்தில் அதைவிட அதிகமாக உழைத்து விடுகிறது. மூன்று நாள் மட்டுமே உழைத்த யந்திரத்தைக் கிழடு என்று சொல்லிக் குப்பையில் எறிகிறோம்.

செத்தது பாட்டரிதானே? ஆம். எந்தப் பாட்டரிக்கும் ஆயுள் உண்டு. சில நூறு முறை மின்சாரம் ஏறி இறங்கிய பிறகு அது தளர்ந்து விடும்; ஏறாமல் இறங்காமல் சும்மா இருந்தாலும் வயதாகும்; தாங்கியின் வெதுவெதுப்பில் சதா நின்றால் இன்னும் சீக்கிரம் மூப்படையும். இது ரஸாயன சாஸ்திரத்தின் நியதி. கம்பெனிக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், நிச்சயமாகச் சாகப்போகிற ஓர் உறுப்பை, நெடுங்காலம் வாழக்கூடிய உறுப்புக்களுடன் பிரிக்க முடியாதபடி ஒட்டி வைத்தது மனிதர் செய்த காரியம் அன்றோ?

வேண்டுவது ஒரு கதவு

ஆகவே நாம் கோருகிற முதற் சீர்திருத்தம் மிக எளியது. பிடியின் அடியில், ஒரு நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய மூடி. அதற்கு ஒரு ரப்பர் வளையம். உள்ளே எந்தக் கடையிலும் கிடைக்கும் அளவில், மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றத்தக்க பாட்டரி. அவ்வளவுதான்.

தண்ணீர் புகுந்து விடுமே என்பது கம்பெனிக்காரர்களின் ஆட்சேபம். கடலில் மூழ்கி வேலை செய்கிறவர்கள் கையில் கொண்டு போகும் டார்ச் விளக்கைப் பாருங்கள். நாள்தோறும் அதைத் திருகித் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், ஆழ்கடலின் அழுத்தத்திலும் ஒரு சொட்டு நீர் உள்ளே போவதில்லை. அந்த ரப்பர் வளையம் ஸ்நான அறைக் குழாய்த் தண்ணீருக்குப் பயந்துவிடுமா? தகாத பாட்டரியை யாராவது போட்டால் தீப்பிடிக்குமே என்பது இரண்டாவது ஆட்சேபம். லிதியம் பாட்டரியைப் பொறுத்த மட்டில் அது நியாயமான கவலையே. அதற்கென்று பாட்டரியைத் தனிக் கூட்டில் அடைத்து, ஒரே விதமாகத்தான் பொருந்தும்படி செய்து விற்கலாம்.

ஐரோப்பிய யூனியன் இந்த விஷயத்தில் 2023-ஆம் வருஷம் ஒரு சட்டம் இயற்றியது. 2027 பிப்ரவரி 18-ஆம் தேதி முதல், அங்கே விற்கப்படும் சிறு சாதனங்களின் பாட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் பெரும்பாலும் தண்ணீர் படுகிற இடத்தில் உபயோகித்து, கழுவி வைக்கும் சாதனங்களுக்கு ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. அவற்றில் பாட்டரியைத் தொழில் தெரிந்தவர் மாற்றும்படி இருந்தால் போதுமாம். இந்த விலக்கு பல்துலக்கிக்குச் சரியாகப் பொருந்துகிறது. நம் தெரு முனை இளைஞரும் தொழில் தெரிந்தவர்தான். அவரிடம் இல்லாதது திறமையன்று. திறந்து மூடக்கூடிய கதவுதான்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். தலையும் பிடியும் கூடும் இடத்தில் பற்பசையும் எச்சிலும் இறங்கிக் கறுப்பாய்ப் பாசி பிடிக்கிறது. அங்கே நீர் வடிந்து போக வழி அமைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியாரும் தங்கள் தலை தங்கள் பிடியில் மட்டும் பொருந்தும்படி செய்திருக்கிறார்கள். மின்சார பல்புகளுக்கு இருப்பது போல இதற்கும் பொது அளவு வேண்டும். எப்படித் தேய்க்கிறோம் என்பதைக் கைத் டெலிபோனுக்குச் சமாசாரம் அனுப்பும் வித்தைகளையெல்லாம் சேர்த்து விலையை ஏற்றுகிறார்கள். அந்தப் பணத்தில் நல்ல ரப்பர் வளையம் நூறு வாங்கலாம்.

இன்னொரு குறையை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நீர் புகாதிருப்பதற்காகப் பொத்தானை ரப்பருக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதை அமுக்க நல்ல பலம் வேண்டும். அத்தை கட்டை விரலால் முடியாமல், பொத்தானைச் சுவரின் விளிம்பில் வைத்து அமுக்குவதைப் பார்த்திருக்கிறோம். வலுவற்ற விரல்களுக்காகப் பிறந்த யந்திரம், அந்த விரல்களை மறந்து விட்டது! பிடி இன்னும் பருமனாகவும், பொத்தான் அகலமாகவும், உள்ளங்கையால் அழுத்தினாலும் இயங்கும்படியும் இருக்க வேண்டும்.

வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. மற்றச் சிறப்புக்களை விசாரிக்கு முன்னால், பாட்டரியை மாற்ற முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். வாங்கியபின், சதா தாங்கியிலேயே நிறுத்தி வைக்காமல், பலம் குறைந்தபோது மட்டும் மின்சாரம் ஏற்றுங்கள். தேய்க்கும்போது கையை ஆட்டாமல் ஒவ்வொரு பல்லின் மேலும் நிதானமாக வைத்து நகர்த்துங்கள். ஆட்டுவது யந்திரத்தின் வேலை.

இரண்டாம் முறை மாண்ட பல்துலக்கியை மேஜை மேல் வைத்தபோது, "அதில் எதுதான் கெட்டுப் போயிற்று?" என்று அத்தை கேட்டார். முதலில் ஒரு சிறு பாட்டரி என்றும், அதை மாற்றப் போய்த் தண்ணீர் புகுந்தது என்றும் சொன்னோம். "அரிவாள்மணையின் கட்டை உளுத்துப் போனால் கட்டையைத்தானே மாற்றுவோம்? இரும்பையும் சேர்த்து எறிகிற ஊரில் போய் இதை வாங்கினாயாக்கும்!" என்றார்.

இப்போது அத்தையிடம் இருப்பது மலிவான வேறொரு பல்துலக்கி. சாதாரண டார்ச் பாட்டரி போட்டு, மூடியைத் திருகி விடுகிற ஜாதி. அதில் இரண்டு நிமிஷக் கடிகாரம் இல்லை. அத்தை மனத்திற்குள் எண்ணிக் கொள்கிறார். அழுத்தத்தை அறிவிக்கும் சிவப்பு விளக்கும் இல்லை. அதிர்வின் வேகமும் குறைவுதான். மூடியைத் திருக அத்தையின் விரல்களுக்குப் பலம் போதவில்லை; மாதத்திற்கொரு முறை நம் மகள் அதைத் திறந்து பாட்டரியை மாற்றிக் கொடுக்கிறாள். உயர்ந்த பல்துலக்கியின் உறுப்புக்களும் மலிவான பல்துலக்கியின் மூடியும் ஒரே பிடியில் சேர்கிற நாளை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறோம். அந்த மூடியைக் கிழவிகளின் விரல்களும் திருகும்படி யாரேனும் அமைத்துக் கொடுத்தால் நம் வீட்டில் முதல் பல்துலக்கிக்குப் பணம் தயாராக இருக்கிறது.